கறள் பிடித்த தச்சுச் சாமான்: எதைக் கழற்றுவது, எதை விட்டுவைப்பது

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மப்பா ஓடாவியாராக இருந்தவராம். அவர் காலமாகிப் பல வருடத்துக்குப் பிறகு பின்விறாந்தையில் கிடந்த பெட்டகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். சீவுளிகள், உளிகள், வாள், மரம் செதுக்குகிற ஒரு வாய்ச்சி, பெயர் தெரியாத சில இரும்புகள் இருந்திருக்கின்றன. எல்லாமே கறள். பழைய இரும்பு வாங்க வந்தவர் கிலோவுக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "இதெல்லாத்தையும் புதுசு மாதிரி மினுக்க ஏலுமா அண்ணன்? இன்னும் சேர்க்கவும் விருப்பம். எங்க தொடங்குறது? காசு பெறுமா?" என்பதுதான் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காசுக்காகவென்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். உங்கள் பெட்டகத்தில் இருக்கக்கூடிய இங்கிலாந்துச் சாமான்கள் அந்தக் காலத்தில் உலகம் முழுக்கக் கப்பலேறியவை. அவற்றில் பெரும்பாலானவை அபூர்வமே இல்லை. அதற்காகக் கிலோக் கணக்கில் போடவும் வேண்டாம். நல்ல உருக்கில் செய்த பழைய உளி, இன்று கடையில் தொங்கும் மலிவு உளியை விட நீண்ட நேரம் கூர் நிற்கும். அதைத் திரும்பவும் வேலைக்கு எடுக்கச் செலவாவது கொஞ்சம் சோடா, கொஞ்சம் எண்ணெய், நிறைய நேரம்.

மினுக்குவது பற்றி என் கட்சி தெளிவானது. சாமான் வெட்ட வேண்டும், மினுங்க வேண்டியதில்லை. வெல்டிங் கடையில் கொடுத்தால் கிறைண்டரில் கம்பி பிறஷ் பூட்டி அரை மணித்தியாலத்தில் வெள்ளிச் சாமான்போல ஆக்கித் தருவார்கள். கறளோடு சேர்ந்து செய்தவரின் முத்திரையும் போகும், ஓடாவியார் தன் சாமானென்று தெரிய அரத்தால் போட்ட வெட்டுக்குறியும் போகும். அலகு நீலம் பாய்கிற அளவுக்குச் சூடேறினால் அதன் பதமும் போய்விடும். அப்புறம் அது கண்ணாடி அலுமாரிக்கு மட்டும்தான் உதவும்.

ஆகவே முதல் வேலை பார்ப்பதுதான். ஒரு சாக்கை விரித்து எல்லாவற்றையும் பரப்புங்கள். கழுவுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, காலை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். சீவுளி அலகின் மேல்தலை, உளியின் கழுத்துக்குக் கீழே, வாள் கைபிடியிலுள்ள பித்தளைத் திருகு, மரச் சீவுளியின் முன்முகம், இந்த நாலு இடத்திலும்தான் பெரும்பாலும் முத்திரை இருக்கும்.

எங்கள் பக்கத்துப் பெட்டகங்களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துப் பெயர்தான் அடிக்கடி தட்டுப்படும். மூவிலை அடையாளம் போட்ட உளி வில்லியம் மார்பிள்ஸ் கம்பனியுடையது. ஸ்பியர் அண்ட் ஜாக்சன் வாளும் ஷெஃபீல்ட்தான். மஞ்சள் மரத்தில் பித்தளை மூட்டோடு மடங்கும் அடிக்கோல் இருந்தால் பேர்மிங்ஹாமின் ரபோன் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். "காஸ்ட் ஸ்டீல்" என்று முத்திரை இருந்தால் அது வார்ப்பிரும்பு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் மண்மூசையில் உருக்கை உருக்கி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த முறையில் வந்த நல்ல உருக்கைத்தான் அப்படிக் குறித்தார்கள். பழைய உளியிலும் சீவுளி அலகிலும் அந்த முத்திரை இருந்தால் சந்தோசப்படலாம்.

இரும்புச் சீவுளியென்றால் ஸ்டான்லி அல்லது ரெக்கோர்ட். லெனார்ட் பெய்லி கண்டுபிடித்த சீவுளி அமைப்பின் உரிமையை அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பனி 1869இல் வாங்கியது. இன்றைக்கும் கடையில் இருக்கும் இரும்புச் சீவுளிகள் கிட்டத்தட்ட அதே அமைப்புத்தான். அலகைத் தூக்கிப் பார்த்தால், தவளைபோல் உட்கார்ந்திருக்கும் இரும்புக்குப் பின்னால் மூன்று பேட்டன்ட் திகதிகள், கடைசியாக 1910 ஏப்ரல் என்று இருந்தால், அது 1910க்கும் 1918க்கும் இடைப்பட்ட அமெரிக்கச் சீவுளி. "மேட் இன் இங்லண்ட்" என்றிருந்தால் ஸ்டான்லி ஷெஃபீல்டில் தொழிற்சாலை எடுத்த 1930களின் பின்பாதிக்குப் பிற்பட்டது. ரெக்கோர்ட் சீவுளிகள் 1930களின் தொடக்கத்திலிருந்துதான் வருகின்றன. அலகைப் பிடிக்கும் மேல்மூடியில் துளை வட்டமாக இல்லாமல் சிறுநீரக வடிவில் இருந்தால் ஸ்டான்லியில் அது 1933க்குப் பிறகு. ஆனால் மூடி மாற்றிப் போடப்பட்டிருக்கலாம். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து வயது சொல்பவரை நம்பாதீர்கள்.

இன்னொரு வகை முத்திரையும் எங்கள் பகுதியில் சுவாரசியமானது. மேல்நோக்கிய அம்புக்குறியும் பக்கத்தில் 1942, 1943 மாதிரி ஒரு வருடமும் இருந்தால் அது பிரித்தானிய அரசாங்கத்தின், பெரும்பாலும் படையின், சாமான். திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 வரைக்கும் பிரித்தானியர் கையில் இருந்ததை நினைத்தால் அது இங்கே வந்ததில் ஆச்சரியமில்லை. சி.ஜி.ஆர். என்றால் இலங்கை அரசாங்க ரயில்வே. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். பி.டபிள்யூ.டி. என்றால் பொதுவேலைப் பகுதி. இப்படி ஒன்று பெட்டகத்தில் கிடந்தால் அம்மப்பாவைச் சந்தேகப்பட வேண்டாம், கழித்த சாமான்களை ஏலம் போடுவது அந்தக் காலத்திலும் வழக்கம்தான்.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் பெட்டகத்தில் நான் முதலில் கையில் எடுக்கக்கூடியது முத்திரை எதுவுமே இல்லாத இரும்பைத்தான். ஸ்டான்லி சீவுளியைப் பற்றி உலகத்தில் எத்தனையோ பேர் வருட வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே ஊர்க் கொல்லர் அடித்த வாய்ச்சியைப் பற்றி, கடற்கரையில் வள்ளம் கட்டினவர்கள் பலகை இடுக்கில் பஞ்சு திணித்த கலப்பற்று உளியைப் பற்றி, வயல் வெட்டின தாக்கத்தியைப் பற்றி எழுதி வைத்தவர் மிகக் குறைவு. வள்ளம் பைபராக மாறியது, நெல்வெட்ட மெஷின் வந்தது, கொல்லப்பட்டறைத் துருத்திகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சேர்க்க விருப்பமென்றால் இவற்றைச் சேருங்கள். ஷெஃபீல்ட் உளியை இன்னும் நூறு வருடம் கழித்தும் எங்காவது வாங்கலாம்.

ஊர்க் கொல்லர் வேலையை எப்படி அறிவது? பழைய முறையில் உடம்புக்கு மெல்லிரும்பும் வாய்க்கு மட்டும் உருக்கும் வைத்து உலையில் ஒட்டி அடிப்பார்கள். உருக்கு விலை கூடினது, இரும்பு மலிவு. வாய்ப்பக்கத்தைத் துடைத்து, வினாகிரி நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து எடுத்தால் உருக்கு கறுத்தும் இரும்பு வெளிறியும் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடு அலை அலையாக ஓடும். மிகப் பழைய இரும்பென்றால் கறள் தின்ற இடத்தில் விறகு பிளந்தது மாதிரி நார் நாராகத் தெரியும். லொறி வந்த பிறகு கொல்லர்கள் லொறியின் ஸ்பிரிங் தகட்டை வெட்டி அடிக்கத் தொடங்கினார்கள். அதில் ஒட்டுக்கோடு இருக்காது, முழுவதும் உருக்கு. தேய்ந்த அரத்தை உளியாக அடித்ததும் உண்டு. பக்கவாட்டில் தடவிப் பார்த்தால் அரத்தின் பல் இன்னும் மெலிதாகக் கையில் படும். அதைத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிட்டால் அந்தச் சாமானின் கதையையே அழித்த மாதிரி.

சரி, கறளுக்கு வருவோம். சிவந்து உதிர்கிற கறள்தான் எதிரி. அதன் கீழே இறுக்கமாகக் கறுத்து ஒட்டியிருக்கும் படலம் எதிரியில்லை, ஓரளவு காப்பு. சிவப்பை எடுத்துக் கறுப்பை விட்டுவிடுவதே என் அளவுகோல். வெட்டும் வாயிலும் அதன் பின்முகத்திலும் மட்டும் வெள்ளை உருக்கு தெரியும்வரை போனால் போதும்.

அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: இந்தச் சாமான் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கிடந்ததா, மேற்கே படுவான்கரையில் கிடந்ததா? படுவான்கரைக் கறள் பெரும்பாலும் வெறும் ஈரத்துக் கறள். எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, காற்றே உப்பு. 2004 கடல் வந்தபோது நனைந்த சாமானென்றால் சொல்லவே வேண்டாம். உப்பு கறளுக்கடியில் குழி குழியாக இறங்கி உட்கார்ந்துவிடும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் ஒரு மாரி கழிய அதே குழியில் திரும்பவும் சிவக்கும். அப்படியானதை முதலில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் நாட்கணக்கில் ஊற வைத்து, இடையிடையே தண்ணீரை மாற்றி, உப்பை வெளியே இழுக்க வேண்டும். சோடா கலந்த தண்ணீரில் இரும்பு புதிதாகக் கறள் பிடிக்காது. கடற்கரைப் பக்கக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீரே உவர், அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் நல்லது.

கறளெடுக்க மூன்று வழியை நான் சொல்வேன். சின்னச் சாமானுக்கு வினாகிரி. கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வினாகிரி போதும். ஒரு இரவு ஊறட்டும், காலையில் பழைய பல் பிறஷால் தேய்க்க வழிந்து போகும். கூடுதலாக விட்டால் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். எடுத்தவுடன் சோடாத் தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் காய வைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசுங்கள். மெல்லிய, கடினமாகப் பதம் பார்த்த அலகுகளைப் புளிப்பில் நீண்ட நேரம் போடுவதை நான் விரும்புவதில்லை. உருக்கு நொய்ந்து வெடிப்பு வர இடமுண்டு.

இரண்டாவது மின்சார வழி. பெரியதுக்கும் அதிகமாகக் கறளேறியதுக்கும் இதை அடிக்க வேறில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் நாலு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பற்றரி சார்ஜரின் நெகடிவ் வயர் உங்கள் சாமானில். பொசிடிவ் வயர் ஒரு கழிவு இரும்பில், கொங்கிறீட் கம்பித் துண்டு போதும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சுவிச்சைப் போட்டால் சாமானைச் சுற்றி நுரை எழும்பும், கறள் கறுப்புச் சேறாகக் கழன்று வரும். வயரை மாற்றிக் கொடுத்தால் கரைவது அம்மப்பாவின் உளி, அதனால் இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போடுங்கள். புதிய தானியங்கி சார்ஜர் பற்றரி இல்லாமல் வேலை செய்யாது, கராஜில் கிடக்கும் பழைய கனமான வகை தேவை. கழிவு இரும்புக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியைப் போடாதீர்கள், நஞ்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். சோடாவுக்குப் பதிலாகக் கறியுப்பும் போடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். நுரையாக வருவது ஹைட்ரஜன், தீப்பற்றும். ஆகவே வேலை வெளியே, குசினியிலோ மூடிய அறையிலோ இல்லை. மரக் கைபிடி, பித்தளை, அலுமினியம் எதையும் உள்ளே விடக்கூடாது.

மூன்றாவது சோம்பேறிகளின் வழி, எனக்குப் பிடித்த வழியும் அதுதான். கரும்புப் பாணி. ஹிங்குராணப் பக்கம் சீனி ஆலைக் கழிவுப் பாணி கைக்குக் கிடைக்கிறவர்கள் ஒரு பங்கு பாணிக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, இரும்பைப் போட்டு மூடி, இரண்டு மூன்று கிழமை மறந்துவிடலாம். கறளை அது மெதுவாகப் பிடித்துக் கரைக்கும், நல்ல இரும்பைப் பெரிதாகத் தொடாது. மணம் மட்டும் தாங்க முடியாது. வீட்டில் அம்மாவிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

கறள் போனபின் சாம்பல் நிறத்தில் அம்மணமாக நிற்கும் இரும்புக்கு ஒரு கறுப்பு வேண்டுமென்றால் தேயிலைச் சாயம் கடுமையாகக் காய்ச்சி, அதில் கொஞ்சம் வினாகிரி விட்டு ஊற வையுங்கள். சாயத்திலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து நீலம் கலந்த கறுப்பாகப் படியும். கடுக்காயும் இதையே செய்யும். வயதுக்கேற்ற நிறம் இது, பெயின்ட் அடிப்பதை விட ஆயிரம் மடங்கு மேல்.

சீவுளியைக் கழற்றும்போது அவசரம் கூடாது. ஸ்டான்லியின் திருகாணிகளின் புரி கடையில் கிடைக்கும் புரியோடு பொருந்தாது. ஒன்றை உடைத்தால் இன்னொரு பழைய சீவுளியிலிருந்துதான் எடுக்க வேண்டிவரும். இறுகிக் கிடந்தால் மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் விடுங்கள், பிறகு திருகாணியின் பள்ளத்துக்கு நிறைவாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரால் திருப்புங்கள். உடம்பு வார்ப்பிரும்பு. நிலத்தில் விழுந்தாலும் வெடிக்கும், சுத்தியலால் தட்டினாலும் வெடிக்கும். அடித்தளத்தில் அலகு வெளியே வரும் வாயின் இரண்டு பக்கமும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். வெடிப்பு இருந்தால் உதிரிப்பாகத்துக்கு மட்டும் வாங்கலாம். அடித்தளத்தைக் கண்ணாடி மேல் வோட்டர் பேப்பர் ஒட்டித் தேய்க்கச் சொல்வார்கள். முன்முனை, வாய்க்கு முன்விளிம்பு, பின்முனை மூன்றும் ஒரே மட்டத்தில் பட்டால் போதும், முழுத்தளமும் மினுங்கும்வரை தேய்ப்பது வீண்வேலை. அலகுக்கு மேல் உட்காரும் தகட்டின் விளிம்பு அலகோடு ஒளி புகாமல் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம். அதில் இடைவெளி இருந்தால் சீவல் உள்ளே போய் அடைத்துக்கொண்டே இருக்கும்.

மரச் சீவுளியை எங்கள் ஓடாவிமார் தாங்களே முதிரையிலோ பாலையிலோ குடைந்து, அலகை மட்டும் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டதும் உண்டு. அப்படி ஒன்று இருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. ஆப்பைக் கழற்றக் குறடு வைத்து இழுக்காதீர்கள். சீவுளியைக் கையில் தூக்கிப் பிடித்து, பின்முனையில் கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால் ஆப்பு இளகி வரும். நீளச் சீவுளியில் முன்புறம் மேலே தட்டுவதற்கென்றே ஒரு குமிழ் இருந்தால் அதிலே தட்டுங்கள்.

வாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகட்டை ஒரு மரத்துண்டில் சுற்றிய வோட்டர் பேப்பரால் மண்ணெண்ணெய் விட்டு நீளவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். நடுவில் மெலிதாகப் பொறித்த கம்பனிப் படம் இருக்கக்கூடும், அந்த இடத்தைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். அமெரிக்காவின் டிஸ்டன் கம்பனி வாளென்றால் கைபிடியின் பித்தளைப் பதக்கத்து எழுத்தை வைத்து வயது சொல்லலாம், அதைத் துலக்கித் துலக்கித் தேய்த்துவிடாதீர்கள். பல் தீட்டுவது தனிக் கலை. ஊரில் இன்னும் முக்கோண அரத்தோடு வாள் ராவுகிற ஒரு வயதானவர் இருந்தால், படித்துத் தெரிந்துகொள்வதை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

உளி நல்லதா கெட்டதா என்று அறிய அரம் போதும். புது அரத்தை வாயில் மெதுவாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கடித்தால் பதம் போன உளி. யாரோ ஒருகாலத்தில் மெஷினில் சாணை பிடிக்கும்போது சுட்டிருப்பார்கள். நீலக்கறை இருந்தால் அதுவே சாட்சி. கறை வாயோடு மட்டும் நின்றால் அந்தளவைத் தண்ணீரில் அடிக்கடி தோய்த்துத் தோய்த்துத் தேய்த்து எடுக்கலாம், பின்னால் நல்ல உருக்கு கிடைக்கும். உள்ளே வரை மென்மையென்றால் கொல்லரிடம் கொடுத்துத் திரும்பத் தோய்ச்சல் வைக்க வேண்டும். பிறகு சரிவை 25 பாகைக்குப் பிடித்து, நுனியில் மட்டும் 30 பாகைக்குக் கல்லில் நாலு இழுவை. பின்முகம் கண்ணாடிபோல் தட்டையாக இல்லாமல் எந்தச் சரிவும் கூராகாது. இதைத்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தவறவிடுகிறார்கள். பெட்டகத்தில் நடுவில் குழி விழுந்த பழைய கல் இருந்தால் எறியாதீர்கள். சோடாத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் அடைத்த எண்ணெய் கழன்றுவிடும். பிறகு சீமெந்துத் தளத்தில் மணலும் தண்ணீரும் போட்டு அரைத்தால் மட்டமாகிவிடும்.

வாய்ச்சிக்கு வருகிறேன். இதுவரை சொன்னதில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: வாய்ச்சியின் பிடியை மாற்றாதீர்கள், அது முற்றாக உளுத்துப் போயிருந்தாலே தவிர. வாய்ச்சி அலகுக்கும் பிடிக்கும் இடையிலான கோணம் அதைப் பிடித்தவரின் உயரத்துக்கும் கைநீளத்துக்கும் நிற்கும் விதத்துக்கும் ஏற்றபடி வைத்தது. வள்ளம் கட்டினவருடைய வாய்ச்சியும் கட்டிலுக்குக் கால் செதுக்கினவருடைய வாய்ச்சியும் ஒரே கோணத்தில் இருக்காது. பிடியில் கை பட்டு மழுங்கிய இடத்தைப் பார்த்தால் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்றுகூடச் சொல்லிவிடலாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் பழையதை ஒரு பெரிய தாளில் வைத்துச் சுற்றிவரக் கோடு போட்டு, கோணத்தையும் எழுதி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். அலகு கட்டையாகத் தேய்ந்திருந்தால் அதைக் குறையென்று நினைக்காதீர்கள். அது புதிதாக இருக்கையில் இன்னும் எவ்வளவோ நீளம். மிச்சமெல்லாம் யாரோ ஒருவருடைய நிலையிலும் கதவிலும் தேய்ந்து போனது. சரிவு பெரும்பாலும் பிடிப்பக்கம் பார்த்த உள்முகத்தில் இருக்கும். வெளிமுகத்தில் சாணை பிடித்தால் வாய்ச்சி மரத்தில் நிற்காமல் துள்ளும், கால் கவனம்.

புதுப் பிடி போட மரம் வேண்டுமென்றால் உளிக்கும் வாய்ச்சிக்கும் விண்ணாங்கு, கொய்யா நல்லது. கொட்டாப்புளிக்குப் புளி. பச்சை மரத்தில் போடாதீர்கள். மாரியில் இறுக்கமாக உட்கார்ந்த பிடி அம்பாறை வெயிலில் ஆனி ஆடியில் கழன்று பறக்கும். இரவு தண்ணீரில் ஊறப் போட்டு இறுக்குகிற பழக்கமும் ஒரு நாளைக்குத்தான் உதவும், காய்ந்தபின் முன்னை விடத் தளரும். நார் நீளவாக்கில் ஓடும் துண்டை எடுத்து, காய வைத்து, ஆப்பு வைத்து இறுக்குங்கள். பழைய பிடி உளுத்து மா கொட்டினால், வண்டு இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து வையுங்கள். புதிதாக மா விழுந்தால் கறுப்புப் பொலித்தீனில் கட்டி உச்சி வெயிலில் சில நாள் போட்டு எடுக்க வேண்டும்.

பிடிக்கு ஆளி விதை எண்ணெய் பூசினால் அழகாக வரும். ஆனால் பூசின துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு வெளிவிடும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் கொடியில் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் போடுங்கள்.

இன்னும் சேர்ப்பதற்கு எங்கே போவது? காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கப் பழைய இரும்புக் கடைகளில் காலையில் போய், கடைக்காரக் காக்காவோடு ஒரு தேத்தண்ணி குடித்து, "கைபிடி போட்ட சாமான் ஏதும் வந்தா ஒதுக்கி வைங்க காக்கா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவருக்கு அது இரும்பு, கிலோக் கணக்கு. உங்களுக்காகத் தேடி ஒதுக்குகிறவருக்கு இரும்பு விலையை விடக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதுதான் நியாயம், அடுத்த முறையும் ஒதுக்கி வைப்பார். ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டங்களில் இரும்புக் குவியலுக்குள் யுத்த காலத்து எச்சங்களும் வந்திருக்கின்றன. என்னவென்று தெரியாத உருளையையோ, தடித்த ஓடு மாதிரியானதையோ தட்டிப் பார்க்கவோ கறளெடுக்கவோ போகாதீர்கள். விட்டு விலகி, பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கடையை விட நல்ல இடம் வீடுகள். தேர் வேலை செய்த குடும்பம், வள்ளம் கட்டின குடும்பம், மருதமுனையில் தறி வைத்திருந்த குடும்பம். அங்கே போனால் சாமானை விலைக்குக் கேட்க முதல் கதையைக் கேளுங்கள். இது எதற்கு, யார் அடித்தது, எந்த வீட்டு வேலைக்கு எடுத்தது, ஏன் இந்த இடத்தில் வெட்டுக்குறி. சில வீடுகளில் தர மாட்டார்கள், தரவும் வேண்டாம். படமும் அளவும் பேச்சும் எடுத்துக்கொண்டு வந்தால் அதுவும் சேகரிப்புத்தான். ஒவ்வொரு சாமானிலும் ஒரு சீட்டுக் கட்டி இலக்கம் போட்டு, கொப்பியில் விபரம் எழுதுங்கள். இலக்கத்தைச் சாமானில் பொறிக்காதீர்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. ஐப்பசி பிறந்து தை வரைக்கும் எங்கள் காற்று தண்ணீர்தான், அதனால் புரட்டாதியிலேயே எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும். தேங்காயெண்ணெய் கைக்கு எட்டின எண்ணெய்தான், ஆனால் நாள்பட்டால் சிக்குப் பிடித்து நாறும், கரப்பானும் எறும்பும் தேடி வரும். தையல் மெஷின் ஒயில் நல்லது. நீண்ட நாளுக்கென்றால் தேன்மெழுகைக் கற்பூரத்தைலத்தில் (டர்பன்டைனில்) கரைத்துப் பூசுங்கள், தைலம் தீப்பற்றும் என்பதால் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் கரைக்க வேண்டும், அடுப்பில் நேரே இல்லை. உளியைத் தோலுறையில் போட்டு மூடி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பெட்டகத்தை நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரோடு ஒட்டாமல் வைத்து, உள்ளே ஒரு கற்பூரக் கட்டியைத் துணியில் முடிந்து போடுங்கள். பழைய ஆட்கள் கற்பூரம் போட்டது பூச்சிக்கு மட்டுமில்லை. நவராத்திரிக்குச் சாமான்களைப் பூசையில் வைத்தால் சந்தனம் குங்குமத்தைப் பிடியில் மட்டும் வையுங்கள். அலகில் வைத்தால் ஈரச் சந்தனத்தின் கீழே வட்டமாகக் கறள் பிடிக்கும், அந்தப் பொட்டைப் பிறகு எடுக்கவே முடியாது. விஜயதசமி அன்று பின்னேரமே துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். முதல் உளியைக் கறளெடுத்துத் தீட்டி முடித்ததும், ஒரு முதிரைத் துண்டின் குறுக்கு முகத்தில் சீவிப் பாருங்கள். சீவல் பொடியாக உதிராமல் ஒரே தாளாக வந்தால் மற்றவற்றைத் தொடங்கலாம்.